இருபத்து நாலு குதிரையா, நாற்பதா?

ஆம்பூர்த் தோல் வியாபாரிகள் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். தரகர் தானியேல் ஆட்டுத்தோல் ஒன்றைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, ‘இது ரெண்டாந்தரம்’ என்று சொல்லிவிட்டால் அது இரண்டாந்தரம்தான். விற்கிறவனும் மறு பேச்சுப் பேசமாட்டான், வாங்குகிறவனும் பேசமாட்டான். அந்தப் பேர்தான் அவரை மோட்டார் வம்பில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

முப்பதாம் வருஷம், மாசி மாதம். முனீர் அகமது சாயபுவும் ஆபித் பாஷா சாயபுவும் கூட்டாக நடத்திவந்த தோல் பதனிடும் ஷாப்புக்கு ஒரு மோட்டார் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. பேரணாம்பட்டுக்கும் வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் போய் வர ஒரே மோட்டார், இருவருக்கும் பொது. அதுவரைக்கும் தகராறு இல்லை. எந்த மோட்டார் என்பதில்தான் வந்தது வினை. மூத்தவரான ஆபித் பாஷா ஃபோர்டு என்றார். முனீர் அகமது ஷெவர்லே என்றார். பத்து வருஷமாக ஒரே தட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர்கள், ஒரு மாதமாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இரண்டு வண்டியையும் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்தார்கள். ஃபோர்டு குடியாத்தத்து மிராசுதார் ஒருவருடையது. ஷெவர்லே வேலூர் வக்கீல் ஒருவருடையது. இரண்டுமே நாலு கதவு வைத்த மூடுவண்டி, இரண்டுமே வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவை. டிரைவர்களும் கூடவே வந்தார்கள். ஆவாரம்பட்டை மூட்டைகள் அடுக்கியிருந்த முற்றத்தில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தானியேலைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

“எது மேலுன்னு நீ சொல்லு தானியேலு. நீ சொல்றத ரெண்டு பேரும் ஒத்துக்கறோம்னு பேசிட்டோம்” என்றார் ஆபித் பாஷா.

தானியேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சாயபு, நான் மோட்டார்ல ஏறினதே இல்லயே. மாட்டுவண்டி, ரயிலு, மிஞ்சிப் போனா ஜட்கா. என்னப் போயி...”

“அதுக்குத்தான் உன்னக் கூப்டோம். ஏறினவன் எல்லாம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாஞ்சவன். நீ இன்னும் சாயல.”

முனீர் அகமது கும்பிடாத குறையாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான் தானியேலைத் தலையாட்ட வைத்தது. ஆட்டிய பிறகுதான், யாருக்குச் சாதகமாகச் சொன்னாலும் இன்னொருவருடைய முகத்தில் இனி முழிக்க முடியாதே என்பது உறைத்தது.

தோலானாலும் சரி, மோட்டாரானாலும் சரி, முதலில் விசாரிக்க வேண்டும். தானியேல் ஃபோர்டு டிரைவர் ஏகாம்பரத்திடம் போனார்.

“நம்ம ஃபோர்டு நாப்பது குதிரை சக்தி. அந்த ஷெவர்லே வெறும் இருவத்தாறு” என்றான் ஏகாம்பரம்.

விஷயம் இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டு ஷெவர்லே டிரைவர் ரஷீத்திடம் போனார்.

“எங்க ஷெவர்லே நாப்பத்தாறு குதிரை பாய். அந்த ஃபோர்டு இருவத்து நாலு” என்றான் ரஷீத்.

இரண்டு பேரில் ஒருவன் புளுகுகிறான் என்று தானியேலுக்குக் கோபம் வந்துவிட்டது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். ஏகாம்பரம் வள்ளிமலை முருகன்மேல் சத்தியம் செய்தான். ரஷீத் அல்லாமேல் ஆணையிட்டான். இரண்டு பேர் கண்ணிலும் கள்ளம் இல்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்லலாம். இதில் எதைத் திறந்து பார்க்க?

ஏகாம்பரம்தான் கடைசியில் மென்று விழுங்கிச் சொன்னான். “சீமையில வரி போடறதுக்கு சிலிண்டரோட அகலத்த அளந்து ஒரு கணக்கு வெச்சிருக்கான் அண்ணே. அந்தக் கணக்குல இது இருவத்து நாலு. என்ஜின் நெசமா இழுக்கறது நாப்பது.”

தானியேலின் முகம் மலர்ந்தது. “அடப்பாவி, ஈரத்தோலு எடை வேற, காஞ்ச தோலு எடை வேறங்கற மாதிரி!”

“அதே தான்.”

“அப்ப உன் வண்டிய ஈர எடையில சொல்லிட்டு, அவன் வண்டிய மட்டும் ஏன் காஞ்ச எடையில சொன்ன?”

ஏகாம்பரம் விளக்கைத் துடைக்கப் போய்விட்டான்.

அப்படியானால் நெசத்தில் நாற்பதுக்கும் நாற்பத்தாறுக்கும் போட்டி. ஷெவர்லேதான் மேல் என்று தானியேல் மனசுக்குள் முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஷெவர்லே பளு ஜாஸ்தி, ஃபோர்டில் கூடுதலாக இரண்டு ஆளை ஏற்றினால்தான் அதற்குச் சமமாகும், அந்த ஆறு குதிரையும் தன் உடம்பைத் தூக்கவே சரியாகப் போய்விடும் என்றான் ஏகாம்பரம். ரஷீத்தைக் கேட்டால், தன் வண்டிக்கு ஆறு சிலிண்டர், அதற்கு நாலுதான் என்றான். ஆறு நாலைவிடப் பெரிசு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த ஆறு சிலிண்டரின் கொள்ளளவையும் கூட்டினால் ஃபோர்டின் நாலுக்கு ஒரு துளி குறைவாகத்தான் வருகிறது என்று ஏகாம்பரம் சொல்ல, ரஷீத்தும் அதை மறுக்காமல் தலையை ஆட்டினான்.

“ஆறு சின்னச் செம்பு, நாலு பெரிய செம்பு. சின்னது ஆறும் ஒண்ணு மாத்தி ஒண்ணு சீக்கிரம் சீக்கிரமா வேல செய்யும், அதனால அதிராது” என்றான் ரஷீத்.

“அப்ப பெரிய செம்பு?”

“அது எறங்கி இழுக்கும்” என்றான் ஏகாம்பரம்.

பெட்ரோல் கணக்கையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். ஷெவர்லே காலனுக்கு இருபது மைல் என்று ரஷீத்தே சொன்னான். ஃபோர்டு இருபத்து நாலு. இதில் என்ன குழப்பம் வரப்போகிறது? ஸ்டேஷன் பக்கம் பெட்ரோல் டின் விற்ற அப்துல் வஹீத் சிரித்தார். “ரஷீத்து சொல்றது அமெரிக்கா புஸ்தகத்துல பாத்தது. அவன் காலன் சின்னது, நம்ம இங்கிலீஷ் காலன் பெருசு. மாத்திப் போட்டா அதுவும் இருவத்து நாலுதான் வரும்.”

தானியேல் வீட்டுக்கு வந்து முகம் கழுவாமல் உட்கார்ந்தார். “இன்னா, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றாள் அவர் மனைவி செண்பகம்.

“குதிரை செத்திருந்தா தேவலை. உசிரோட இருக்கறத எண்ண முடியல.”

மறுநாள் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. மாதனூர் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். தானியேல் ஃபோர்டின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் முனீர் அகமது வந்து விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரம்பிய பித்தளைச் சொம்பு ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

“எனக்கு தாகம் இல்ல சாயபு.”

“குடிக்கறதுக்கில்ல. மடியில வெச்சிக்க. எவ்ளோ சிந்துதுன்னு பாக்கணும்.”

ஆபித் பாஷா முகத்தைச் சுளித்தார். “தோல் கட்டு ஏத்தற வண்டிக்குச் சொம்புத் தண்ணி எதுக்கு முனீரு? இன்னா விளையாட்டு இது?”

“இருக்கட்டும் பாய்” என்று மட்டும் சொன்னார் முனீர் அகமது.

மாதனூர் போய்த் திரும்புவதற்குள் தானியேலின் வேட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. சொம்பில் பாதிகூட மிச்சமில்லை. அடுத்து ஷெவர்லே. அதில் முக்கால் சொம்பு தண்ணீர் அப்படியே வந்து சேர்ந்தது. முனீர் அகமதுவின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“ரஷீத்து நத்தை மாதிரி ஓட்டினான்” என்றான் ஏகாம்பரம்.

“இவன் பள்ளத்தப் பாத்துப் பாத்து எறக்கினான்” என்றான் ரஷீத்.

சரி, டிரைவர்களை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். மாற்றினார்கள். இந்தத் தடவை ஃபோர்டில் முக்கால் சொம்பு வந்தது, ஷெவர்லேயில் பாதி. அப்படியானால் வித்தியாசம் வண்டியில் இல்லை, ஓட்டுகிறவன் கையில்தான் இருக்கிறதா? தானியேலுக்கு வேறொரு சந்தேகமும் வந்தது. வளைவில் சொம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், பள்ளம் வந்தால் எப்படி மடியிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அதற்குள் பழகிப்போயிருந்தது. கடைசி ஓட்டத்தில் மட்டும் எதிரே வந்த ஆவாரம்பட்டை மாட்டுவண்டிக்கு ஒதுங்கப் போய்த் தூக்க மறந்துவிட்டார். சிந்தியது வண்டியாலா, தன் கையாலா? யோசிக்க யோசிக்கக் குமட்டியது. அது யோசனையால் வந்த குமட்டலா, மோட்டாரால் வந்ததா என்பதும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆபித் பாஷா தன் பங்குக்குத் தோல் கட்டுகளை ஏற்றிப் பாலாற்றுக் கரைமேட்டில் இரண்டு வண்டியையும் ஏறச் சொன்னார். இரண்டும் ஏறின. எது சுலபமாக ஏறியது என்று தானியேலைக் கேட்டார்கள். தானியேல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நாளைக்குச் சொல்றேன்” என்றார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தரம் சொல்ல அவகாசம் கேட்டார். அவருக்கே அவமானமாக இருந்தது.

அன்று சாயங்காலம் செண்பகம் அவருக்காகக் காத்திருந்தாள். முனீர் சாயபுவின் வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவள் அவள்.

“குர்ஷித்தம்மா உங்களப் பாக்கணும்னாங்க. காலையில சாயபு ஷாப்புக்குப் போனப்புறம் வரச் சொன்னாங்க. நானும் வர்றேன்.”

முனீர் அகமதுவின் மனைவி தன்னைப் பார்க்க வேண்டுமா? வெளி ஆம்பிளை அந்த வீட்டு முன்கூடத்தைத் தாண்டியதே கிடையாது. இதுவும் மோட்டார் விஷயமாகத்தான் இருக்கும், இன்னும் ஒரு கணக்கு வரப்போகிறது என்று தானியேலுக்குத் தோன்றியது.

மறுநாள் முன்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். உள்வாசலில் பச்சைத்திரை. அதற்குப் பின்னால் குர்ஷித் பேசினாள். மெதுவான குரல், ஆனால் தடுமாற்றம் இல்லை.

“தானியேல் அண்ணே, தண்ணிச் சொம்பு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியலம்மா. அந்தச் சொம்ப நெனச்சா ராத்திரி தூக்கம் வரல.”

திரைக்குப் பின்னால் செண்பகம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. குர்ஷித் சிரிக்கவில்லை.

“எனக்கு இது அஞ்சாம் மாசம். இதுக்கு முந்தி மூணு போய்டுச்சு. கடைசியா போனது, காட்பாடியில ரயில விட்டு எறங்கி ஜட்காவுல வேலூருக்குப் போனப்போ. வழியிலேயே... இப்ப மிஷன் ஆஸ்பத்திரி லேடி டாக்டரு மாசம் ஒரு தரம் வந்து காட்டணும், ஆனா குலுங்காம வரணும்னு சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் இவுரு சொம்பு வெச்சிக்கிட்டு அலையறாரு.”

தானியேல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “இத ஆபித் சாயபுகிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே தீந்துபோயிருக்குமேம்மா!”

“மூணு தரம் ஊரெல்லாம் சொன்னோம். மூணும் தங்கல. நாலாவத வாயத் தொறந்து சொல்ல அவருக்குப் பயம். ரெண்டு பேர் பணத்துல வாங்கற வண்டிய பொஞ்சாதிக்காகக் கேக்கறோமேன்னு வெக்கம் வேற.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “நீங்க சொல்லுங்கண்ணே. எதுல போனா புள்ள நிக்கும்?”

தோலைத் தடவித் தரம் சொன்ன அத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரைக் கேட்டதில்லை. நாற்பது குதிரையும் நாற்பத்தாறு குதிரையும் தலைக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஆறு சின்னச் செம்பு, நாலு பெரிய செம்பு, அமெரிக்கா காலன், இங்கிலீஷ் காலன். ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “என் மடியில தண்ணி சிந்தறது வேற, உங்களுக்குக் குலுங்கறது வேற. நீங்களே ஏறிப் பாத்தா இன்னா?”

செண்பகமும் குர்ஷித்தும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு செண்பகம்தான் தலையை நீட்டினாள். “நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு எல்லாரும் போய்டுவாங்க. அப்ப ரெண்டு வண்டியையும் வரச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை ரஷீத்தும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். ஆகையால் இரண்டு வண்டியையும் ஏகாம்பரமே ஓட்ட வேண்டியதாயிற்று. ஜன்னல்களுக்குத் துணி கட்டி, பின்சீட்டில் குர்ஷித்தும் செண்பகமும் ஏறினார்கள். தானியேல் முன்னால் உட்கார்ந்து, பின்னால் திரும்பிப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்கள். முதலில் ஷெவர்லே, பிறகு ஃபோர்டு. ஏகாம்பரம் அன்றைக்குப் பள்ளத்தில் இறக்கவும் இல்லை, வேகமாக முறுக்கவும் இல்லை. பெற்ற தாயை ஏற்றிப் போகிறவன் மாதிரி ஓட்டினான்.

இறங்கும்போது குர்ஷித் செண்பகத்தின் காதில் சொல்ல, செண்பகம் தானியேலிடம் சொன்னாள்.

“ஃபோர்டாம்.”

“ஃபோர்டா!” தானியேல் வாயைப் பிளந்தார். “ஆறு சிலிண்டருதான் அதிராதுன்னு ரஷீத்து...”

“அதிராதுதானாம். ஆனா அதுல மெத்துமெத்துனு ஆடற மாதிரி இருக்குதாம். இவங்களுக்கு இப்ப ஆட்டம்தான் ஆகாதாம், வாயக் கொமட்டுதாம். இதுல குலுங்கினாலும் காலு ரெண்டும் கீழ நல்லா ஊனிக்கிது, பயம் இல்லன்னு சொல்றாங்க.”

இதை எந்த டிரைவரும் சொல்லவில்லை, எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. இன்னொரு பெண் ஏறியிருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் குர்ஷித் சொன்னது ஃபோர்டு. முனீரிடம் தானே சொல்வதாகவும், ஆபித் பாய்க்குத் தானியேல் அண்ணன்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை தானியேல் ஆபித் பாஷாவை ஷாப்புக்குப் போகும் வழியிலேயே பிடித்தார். மூன்று போனது, இது நாலாவது, சொம்புத் தண்ணீர் எதற்கு என்பதையெல்லாம் சொன்னார். குர்ஷித் ஃபோர்டைத்தான் சொன்னாள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஆபித் பாஷா தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். தானியேல் பின்னாலேயே ஓடினார். சுண்ணாம்புக் குழிகளைச் சுற்றிக்கொண்டு அவர் முற்றத்துக்குள் நுழைந்தபோது உள்ளே சண்டை உச்சத்தில் இருந்தது.

“ஷெவர்லேதான் முனீரு! நான் முடிவு பண்ணிட்டேன்.”

“இல்ல பாய், ஃபோர்டுதான்.”

“ஒரு மாசமா ஷெவர்லே ஷெவர்லேன்னு உசுர வாங்கினியே, இப்ப இன்னா ஆச்சு உனக்கு?”

“நீங்க ஒரு மாசமா ஃபோர்டுன்னு சோறு தண்ணி எறங்காம உக்காந்திருந்தீங்களே!”

தானியேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிஷம் தன் காதுதான் கோளாறோ என்று தோன்றியது. யார் எந்தக் கட்சி? நேற்று வரைக்கும் ஃபோர்டுக்காக இருந்த வாய் ஷெவர்லே என்கிறது. ஷெவர்லேக்காக இருந்த வாய் ஃபோர்டு என்கிறது. சத்தம் மட்டும் அதே சத்தம். மூலையில் ஏகாம்பரமும் ரஷீத்தும் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு எதுக்குடா ஃபோர்டு?” ஆபித் பாஷாவின் குரல் உடைந்தது. “எங்க நின்னாலும் எந்தக் கொல்லனும் ரிப்பேரு பண்ணிக் குடுப்பானேன்னு கேட்டேன். நானு வேணும்னா நடந்து போறேன். அந்தப் பொண்ணு குலுங்காம போகட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ?”

முனீர் அகமது தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் தானியேலுக்கு இடைவெளி கிடைத்தது.

“சாயபு, கொஞ்சம் ரெண்டு பேரும் சும்மா இருங்க. என்னத் தரம் சொல்லச் சொன்னீங்க. எது மேலுன்னு எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல. இந்த வாரம் பூரா பாத்தேன், கேட்டேன், நனஞ்சேன், கொமட்டுச்சு. இன்னமும் தெரியல. ஆனா குர்ஷித்தம்மா ரெண்டுலயும் ஏறிப் பாத்தாங்க. ஃபோர்டுன்னாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது.”

“ஃபோர்டா?” என்றார் ஆபித் பாஷா. “நெசமாவா? எனக்காகச் சொல்லலியே?”

“அதக் கேக்க நான் திரைக்கு அந்தப் பக்கம் போகலியே சாயபு.”

அன்று மத்தியானம் இரண்டு வீட்டுச் சாப்பாடும் ஒரே பாயில் பிரித்து வைக்கப்பட்டது. தானியேலையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை தப்பாக முடிந்தால்? ‘நீதானே ஏறிப் பாக்கச் சொன்ன’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது இன்னும் மோசம்.

பங்குனிக் கடைசியில் சென்னைப்பட்டணத்திலிருந்து புது ஃபோர்டு ஒரு டிரைவரோடு வந்து இறங்கியது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் குர்ஷித்தை வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி ஊருக்குத் திரும்பும் வரைக்கும் தானியேல் சந்தையில் தோலைத் தப்பும் தவறுமாகத் தரம் பிரித்தார்.

ஆனி மாதம், டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே, ஒரு முற்பகலில் குர்ஷித்துக்கு வலி கண்டுவிட்டது. அன்றைக்கென்று ஃபோர்டு ஊரில் இல்லை. ஆபித் பாஷா தோல் கட்டு ஏற்றிவரப் பேரணாம்பட்டுக்குப் போயிருந்தார். முனீர் அகமதுவுக்குக் கை கால் ஓடவில்லை. காட்பாடி ரயில் வரும் நேரம். செண்பகம்தான், “மோட்டாருக்குக் காத்திருந்தா காரியம் ஆகாது, எழுந்திருங்க” என்று அதட்டி, குர்ஷித்தைக் கைத்தாங்கலாக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். எந்த ரயிலுக்கும் ஜட்காவுக்கும் பயந்து மோட்டார் வாங்கினார்களோ, அதே ரயிலிலும் ஜட்காவிலும்தான் போனார்கள்.

பின்னேரம் ஆபித் பாஷா வந்து சேர்ந்தார். சேதியைச் சொன்னதும் பாதித் தோல் கட்டுகளை இறக்கிப் பாதியை இறக்காமலேயே தானியேலை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வண்டியை வேலூருக்கு விடச் சொன்னார். அந்தத் தடவை தானியேலுக்கு எது குலுங்கியது, எது அதிர்ந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. ஆபித் பாஷா வழி முழுக்க உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தார். தானியேல் தனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் முனீர் அகமது நின்றிருந்தார். சட்டையெல்லாம் கசங்கி, தொப்பி எங்கேயோ விழுந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தூரத்திலிருந்து விளங்கவில்லை.

“பொண்ணு பாய்” என்றார். “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

ஆபித் பாஷா அவரைக் கட்டிக்கொண்டார். அடுத்த நிமிஷமே விலகி நின்று கத்தினார்: “வண்டி வாங்கி இன்னாடா பிரயோஜனம், ரயில்ல கூட்டிட்டு வந்திருக்க!”

“நீங்கதானே பாய் வண்டிய எடுத்துட்டுப் போனீங்க!”

தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு மட்டும் ஃபோர்டு கதவு துடைத்து, ஜன்னலுக்குப் புதுத் துணி கட்டி, ஆஸ்பத்திரி வாசலில் விடியற்காலையிலேயே வந்து நின்றது. சைரா என்று பேர் வைத்த அந்தப் பெண் குழந்தையைச் செண்பகம் மடியில் வாங்கிக்கொண்டாள். ஆபித் பாஷா டிரைவரின் தோளிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மெதுவா, இன்னும் மெதுவா என்று சொல்லிச் சொல்லி வண்டி மனுஷன் நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டது. பள்ளிகொண்டா தாண்டியதும் பட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பின்னாலிருந்து வந்து ஃபோர்டைத் தாண்டியது. வண்டிக்காரன் கழுத்தைத் திருப்பிப் பரிதாபமாகப் பார்த்தான்.

“இன்னா சாயபு, மோட்டாரு ரிப்பேரா? கயிறு இருக்குது, கட்டி இழுக்கட்டுமா?”

ஆபித் பாஷா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

“சத்தம் போடாதப்பா. புள்ள தூங்குது.”